ஊர்ப்பாதையும் உல்லாச வண்டியும்

வெளி மாநிலத் தமிழர் என்றால், பிழைப்பை நாடி ஊரைவிட்டுப் புறப்பட்டவர் என்றே பெரும்பாலும் எண்ணுகிறோம். இருந்த இடத்தை விட்டு ஓர் அடியும் நகராமல் வெளி மாநிலத்தவர் ஆனவர்களும் உண்டு. அத்தகையோர் வாழும் ஊர்களுள் ஒன்று மார்டள்ளி. 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் கொள்ளேகால் வட்டாரம் கும்பினியார் வசமாயிற்று. கோயம்புத்தூர் ஜில்லாவின் ஒரு தாலுகாவாக நெடுங்காலம் விளங்கிற்று. 1956 நவம்பர் 1ஆம் நாள், மாநிலங்கள் மொழிவழியே சீரமைக்கப்பட்டபோது, அத்தாலுகா மைசூர் இராஜ்யத்தைச் சேர்ந்தது. 1997இல் மைசூர் ஜில்லா பிரிந்தபோது அப்பகுதி சாமராஜநகர் மாவட்டத்துள் அமைந்தது. இன்று மார்டள்ளி ஹனூர் தாலுகாவில் உள்ளது. எல்லைக்கோடு இவ்வாறு இடம் பெயர்ந்ததேயன்றி, அங்குள்ளோரின் வீட்டுமொழி மாறவில்லை. தமிழ்க் கத்தோலிக்கர் பெருவாரியாக வாழும் ஊர் அது.

மலை மாதேசுவர மலைகளை அடுத்த நாடு அது. ஒருபுறம் பாலாற்றைக் கடந்து மேட்டூருக்கு வழி இறங்குகிறது. மற்றொருபுறம் கர்கேகண்டி, பர்கூர் வழியாக அந்தியூருக்குச் சாலை செல்கிறது. இப்பெருஞ்சாலைகளை விட்டு விலகினால் மண்பாதை, கற்பாதை, காட்டுப்பாதை. இண்டிகனத்தம் போன்ற உட்காட்டுக் கிராமத்தார்க்குப் பள்ளிக்கும் மருத்துவருக்கும் சந்தைக்கும் செல்லும் வழி அப்பாதைதான். மலையகச் சிற்றூர்களின் மாணவர்க்கும் நோயாளர்க்கும் பயன்படுமாறு 2022இல் வனத்துறையே ஜீப் வண்டிகளை ஓட்டத் தொடங்கிற்று என்றால், அங்குள்ள வழியின் நிலை விளங்கும்.

இத்தகைய பாதைகளை நாடி இன்று வேறொரு சாராரும் வருகின்றனர். பெங்களூர், கோவை, சென்னை போன்ற நகரங்களில் தொழில் புரியும் இளைஞர்கள், விடுமுறை நாட்களில் ஜீப்பிலும் கனத்த மோட்டார் சைக்கிளிலும் கரடுமுரடான மலைவழியில் செல்வதை ஒரு பொழுதுபோக்காகக் கொண்டுள்ளனர். அவர்களுள் நம்மவரும் பலர். அதில் குற்றம் காண்பது நம் நோக்கமன்று. ஆயினும் ஒரு கேள்வி எழுகிறது. தார்ச் சாலையை விட்டு வண்டி இறங்கியவுடன், அதன் இன்ஷியூரன்ஸ் பாதுகாப்பும் சாலையோரத்திலேயே நின்றுவிடுகிறதா? வளைவில் விறகுச் சுமையோடு வரும் ஒரு முதியவள் மீது அவ்வண்டி மோதினால், அவள் குடும்பத்துக்கு ஈடு செய்பவர் யார்? இதற்கு விடை காண, மோட்டார் காப்பீட்டின் வரலாற்றைச் சற்றே நோக்குதல் வேண்டும்.

இந்தியாவில் மோட்டார் வண்டிகளுக்கென 1914இல் ஒரு சட்டம் பிறந்தது. வண்டியைப் பதிவு செய்தல், ஓட்டுபவர் லைசென்ஸ் பெறுதல் ஆகியவற்றை அது கவனித்தது, காப்பீட்டைக் கட்டாயமாக்கவில்லை. அக்காலத்தில் ஒருவரை வண்டி இடித்து வீழ்த்தினால், வண்டிக்காரர் செல்வராயிருந்தால் ஏதோ கிடைக்கும். அவர் கையில் பொருள் இல்லையெனில் நீதிமன்றத் தீர்ப்பும் வெறுங்காகிதமே. இங்கிலாந்து 1930இல் இக்குறையைப் போக்கச் சட்டம் செய்தது. அதன் வழியில் நம் நாட்டிலும் 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் எட்டாம் அத்தியாயம் எழுந்தது. உலகப்போர் மூண்டமையால் அதன் அமல் தள்ளிப்போய், 1946 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அப்போது மார்டள்ளி சென்னை மாகாணத்து ஊர்.

அந்த அத்தியாயத்தின் கருத்து எளியது. வண்டிச் சொந்தக்காரர் ஒரு தரப்பு. காப்பீட்டுக் கம்பெனி இரண்டாம் தரப்பு. ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத, பிரீமியம் கட்டாத வழிப்போக்கன் மூன்றாம் நபர். சட்டம் கட்டாயப்படுத்தியது இம்மூன்றாம் நபருக்கான பாதுகாப்பை மட்டுமே. சொந்தக்காரர் தம் வண்டி நொறுங்கினால் என் செய்வது என்று கவலைப்படுவது அவரவர் விருப்பம். ஆனால் பிறருக்கு நேரும் தீங்குக்கு வகை செய்யாமல் வண்டியைத் தெருவில் எடுத்தலாகாது. இவ்வேறுபாட்டை முதலில் மனத்திற் கொள்ள வேண்டும்.

இங்கே நம் சட்டத்தின் ஒரு சிறப்பைக் குறிப்பிடுதல் தகும். இங்கிலாந்தின் 1930ஆம் ஆண்டுச் சட்டம் 'சாலையில்' வண்டியைப் பயன்படுத்துவோர்க்கே காப்பீட்டை விதித்தது. நம் 1939ஆம் ஆண்டுச் சட்டமோ 'பொது இடத்தில்' என்றது. பொது இடம் யாது? சாலை, தெரு, வழி, அல்லது பொதுமக்கள் செல்ல உரிமையுடைய வேறெந்த இடமும் பொது இடமே. அது பெருவழியாயினும் அன்றாயினும் சரி என்று விளக்கம் தரப்பட்டது. 1988ஆம் ஆண்டுச் சட்டமும் அவ்விளக்கத்தையே கொண்டது. சாலையோடு 'பிற பொது இடம்' என்னும் சொற்களை இங்கிலாந்து தன் சட்டத்தில் சேர்த்துக்கொண்டது 2000ஆம் ஆண்டில்தான். நம் சட்டம் தாரையும் சரளைக்கல்லையும் கேட்கவில்லை. மக்கள் அங்கே நடக்க உரிமையுண்டா என்பதையே கேட்டது. ஆகவே ஊரார் நடந்து செல்லும் மண்பாதையும் சட்டத்தின் கண்ணில் பொது இடமே. தார்ச் சாலையிலிருந்து இறங்கினோம், ஆதலின் காப்பீடு வேண்டா என்று எவரும் சொல்ல இயலாது.

அடுத்த வினா, எது மோட்டார் வண்டி என்பது. சொந்தக்காரரின் வளாகத்துக்குள் மட்டும் ஓடும் வண்டியை 1939ஆம் ஆண்டுச் சட்டம் விலக்கியிருந்தது. 1956ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்விலக்கைக் குறுக்கி, தொழிற்சாலையிலோ அடைப்புள்ள வளாகத்திலோ மட்டும் பயன்படுமாறு தனி வகையாக அமைந்த வண்டிகளுக்கே அது பொருந்தும் என்றது. இதைப் பற்றி நீதிமன்றங்களில் நீண்ட வாதங்கள் நடந்தன. ஒரிஸ்ஸாவின் பொலானி சுரங்க வழக்கில் 1974இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், பழைய வரையறையை ஒட்டி, சுரங்க எல்லைக்குள் மட்டும் இயங்கிய தாதுவண்டிகள் மோட்டார் வரிக்கு உட்படா என்றது. 1992இல் சென்ட்ரல் கோல்ஃபீல்ட்ஸ் வழக்கில், காற்றடைத்த ரப்பர்ச் சக்கரம் பூண்ட பெருவண்டிகள் சாலையில் ஓடத் தக்கனவே, ஆகவே மோட்டார் வண்டிகளே என்று முடிவு கூறிற்று.

சுரங்க வண்டிக்கும் உல்லாச வண்டிக்கும் என்ன தொடர்பு என நேயர்கள் கேட்கலாம். தொடர்பு உண்டு. இன்று சில விடுதிகளிலும் கேளிக்கைத் திடல்களிலும் தடித்த சக்கரம் பூண்ட சிறு நாற்சக்கர வண்டிகள் வாடகைக்கு விடப்படுகின்றன. அவற்றுள் பல, சாலையில் ஓடுவதற்கெனப் பதிவு பெற்றவை அல்ல. பதிவு எண் இல்லாத வண்டிக்கு வழக்கமான மோட்டார் பாலிசியும் இராது. வேலிக்குள் ஓடும்வரை அது திடல் நடத்துவோரின் பொறுப்பு. வேலியைத் தாண்டி ஊர்ப்பாதையில் அது கால் வைத்தால், பதிவும் இல்லை, காப்பீடும் இல்லை என்ற நிலையில் முழுப் பளுவும் ஓட்டியவர் தலையிலும் சொந்தக்காரர் தலையிலும் விழும். இத்தகைய வண்டியில் ஏறுமுன், விபத்துக்குப் பொறுப்பேற்கும் பாலிசியை அத்திடல் எடுத்துள்ளதா என்று கேட்டறிவது நலம். நாமே எடுத்துள்ள விபத்துக் காப்பீடும் சாகச விளையாட்டுகளை விலக்கியிருக்கக் கூடும். அதனையும் படித்துப் பார்த்தல் வேண்டும்.

வேலிக்குள் நடந்த விபத்தில் மூன்றாம் நபருக்குக் கதியில்லையா என்னும் வினா உலகெங்கும் எழுந்ததே. ஸ்லொவேனியா நாட்டில் ஒரு பண்ணை முற்றத்தில், வைக்கோலை அடுக்கிக்கொண்டிருந்த தொழிலாளியின் ஏணியை டிராக்டரின் இழுவண்டி தட்டிவிட, அவர் விழுந்து காயமுற்றார். வண்டியை அதன் இயல்பான பணிக்குப் பயன்படுத்தும் இடமெல்லாம் காப்பீடு தொடரும் என்று 2014இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்விரிந்த கொள்கையை இங்கிலாந்து 2022இல் தனிச் சட்டத்தால் விலக்கிக்கொண்டது. நம் நாட்டில், சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 1999இலேயே பொது இடம் என்னும் சொல்லுக்கு விரிந்த பொருள் கொண்டு, பொதுமக்கள் அனுமதியுடனோ அன்றியோ வந்து செல்லும் தனியார் இடத்தையும் அதனுள் அடக்கிற்று. சட்டம் மெல்ல மெல்ல வண்டியை விட்டு, வண்டியின் எதிரே நிற்கும் மனிதனை நோக்கி நகர்ந்து வந்துள்ளது என்பதே இவ்வரலாறு காட்டும் உண்மை.

ஈட்டுத் தொகையின் வரலாறும் அதையே கூறும். 1956ஆம் ஆண்டுத் திருத்தம், சிவில் நீதிமன்றப் படிகளில் ஆண்டுக்கணக்காக ஏறி இறங்க வேண்டியிருந்த ஏழைகளுக்கென விபத்து நஷ்ட ஈட்டுத் தீர்ப்பாயங்களுக்கு வகை செய்தது. 1982இல், யார் குற்றம் என்று ஆராயாமலே மரணத்துக்கு 15,000 ரூபாயும், நிரந்தர ஊனத்துக்கு 7,500 ரூபாயும் தரும் விதி வந்தது. 1988ஆம் ஆண்டுச் சட்டம் அதனை 25,000, 12,000 எனவும், 1994ஆம் ஆண்டுத் திருத்தம் 50,000, 25,000 எனவும் உயர்த்தின. 2019இல் நிறைவேறி 2022 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த மாற்றத்தின்படி, குற்றத்தை நிறுவ வேண்டாத ஈடு மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2½ லட்சம் என்றாயிற்று. இடித்துவிட்டு ஓடிய வண்டி எதுவென்று தெரியாதபோது, அரசு நிதியிலிருந்து மரணத்துக்கு 2 லட்சமும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் வழங்க ஏற்பாடாயிற்று.

இனிச் செலவைப் பற்றிப் பார்ப்போம். 1972ஆம் ஆண்டுச் சட்டத்தால் பொதுக் காப்பீட்டுத் தொழில் நாட்டுடைமையாயிற்று. 1973 ஜனவரி 1 முதல் 107 கம்பெனிகள் நான்காகத் திரண்டன. அவற்றுள் யுனைடெட் இந்தியா சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது. 1999ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் தனியாரும் மீண்டும் இத்தொழிலுக்குள் வந்தனர். 2002 ஜூலை முதல் வழங்கிய கட்டண அட்டவணை நாடு முழுமைக்கும் ஒன்றே. 2007 முதல் சொந்த வண்டிச் சேதத்துக்கான கட்டணத்தைக் கம்பெனிகளே வகுத்துக்கொள்ளலாம் என்றாயிற்று. மூன்றாம் நபர் பிரீமியம் மட்டும் அரசின் அறிவிப்பிற்கு உட்பட்டதாய் நின்றது. 2022 ஜூன் 1 முதல் வந்த வீதப்படி, 1500 சி.சி.க்கு மேற்பட்ட தனியார் கார், ஜீப் ஆகியவற்றுக்கு ஆண்டுக்கு 7,897 ரூபாய், 150 சி.சி.க்கு மேல் 350 வரையிலான மோட்டார் சைக்கிளுக்கு 1,366 ரூபாய். அதற்கும் மேற்பட்டதற்கு 2,804 ரூபாய். வரி இதன்மேல் தனி. உச்ச நீதிமன்றத்தின் 2018ஆம் ஆண்டு ஆணையால், புது வண்டி வாங்குவோர் காருக்கு மூன்றாண்டும் இருசக்கர வண்டிக்கு ஐந்தாண்டும் இப்பாதுகாப்பைச் சேர்த்தே எடுக்க வேண்டும். இதுவின்றி ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாயும் மறுமுறை 4,000 ரூபாயும் அபராதம். மூன்று மாதம் வரை சிறைவாசமும் விதிக்கலாம்.

மலைவழியை விரும்புவோர் பெரிதும் ஏமாறுவது சொந்த வண்டிச் சேதத்துக்கான பாலிசியில்தான். விபத்தை அது ஏற்கும்; தேய்மானத்தையும் இயந்திரம் தானே பழுதாவதையும் ஏற்காது. பாறையில் மோதி வண்டி கவிழ்ந்தால் ஈடு கேட்கலாம். பல மாதம் குண்டு குழிகளில் ஓடி ஸ்பிரிங் தளர்ந்தால் கேட்க இயலாது. டயர் மட்டும் கிழிந்தால் ஈடு இல்லை. வண்டியும் சேர்ந்து சேதமுற்றால் டயர் விலையில் பாதி கிட்டும். ஓடையில் இறங்கி நின்ற வண்டியை மீண்டும் ஸ்டார்ட் செய்து, நீர் புகுந்து என்ஜின் கெட்டால், அது விபத்தின் நேர்விளைவன்று எனக் கம்பெனி மறுப்பது வழக்கம். என்ஜினுக்கெனத் தனிச் சேர்க்கை எடுத்தோர்க்கே அங்கு நம்பிக்கை. பள்ளத்தில் விழுந்த ஜீப்பைப் பட்டறைக்கு இழுத்துவர 2002ஆம் ஆண்டு அட்டவணை அனுமதித்தது 1,500 ரூபாய்; மலைச்சரிவிலிருந்து தூக்கும் செலவு அதனினும் பன்மடங்கு. பெரிய சக்கரம், உயர்த்திய ஸ்பிரிங், கூடுதல் விளக்கு முதலிய மாற்றங்களைப் பதிவுப் புத்தகத்திலும் பாலிசியிலும் குறிப்பிடாமல் செய்துகொண்டவர், விபத்துக்குப்பின் வாதாட நேரிடும்.

போட்டி என்பது மற்றொரு விலக்கு. சென்னையை அடுத்த சோழவரம் விமானத் தளத்தில் பல்லாண்டுகள் மோட்டார் பந்தயங்கள் நடந்தமை பலருக்கும் நினைவிருக்கும். 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் அமைந்தது. ஏற்பாடு செய்த பந்தயம், வேகச் சோதனை, வண்டியின் உறுதியைச் சோதிக்கும் ஓட்டம் ஆகியவற்றைத் தனியார் வண்டிப் பாலிசி வெளிப்படையாகவே விலக்குகிறது. குழுவாகச் சேர்ந்து மலையேறும் ஓட்டத்துக்கு நுழைவுக் கட்டணமும் பரிசும் வைத்துவிட்டால், அது இவ்விலக்கினுள் விழக்கூடும். அதற்கெனத் தனிப் பாதுகாப்புப் பெற்ற பின்னரே கலந்துகொள்ள வேண்டும்.

வாடகை அடுத்தது. சொந்த உபயோகத்துக்கெனப் பதிவான ஜீப்பில் கூலி பெற்றுக்கொண்டு பயணிகளை மலைக்கு அழைத்துச் செல்வது பாலிசி நிபந்தனைக்கு மாறானது. அதனினும் கவலைக்குரியது சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றுவது. வேலைத்தலத்துக்கும் திருவிழாவுக்கும் இவ்வாறு செல்வது மலைநாடுகளில் பரவலான பழக்கம். சரக்கின் சொந்தக்காரரும் அவருடைய பிரதிநிதியும் மட்டும் 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பாதுகாப்புப் பெற்றனர். சரக்கு வண்டியில் சும்மா ஏறிச் சென்றவர்க்குக் கம்பெனி பொறுப்பன்று என்று உச்ச நீதிமன்றம் 2002 டிசம்பரில் ஆஷா ராணி வழக்கில் முடிவு கூறியது. ஒரே பாதை, ஒரே விபத்து. வெளியே நடந்தவனுக்கு ஈடு உண்டு, உள்ளே அமர்ந்தவனுக்கு இல்லை. இதை அறியாமல் ஏறுவோர் எத்தனை பேர்!

காட்டைப் பற்றியும் ஒரு சொல். மலை மாதேசுவர வனம் 2013 முதல் வனவிலங்குச் சரணாலயம். காவேரி வனவிலங்குச் சரணாலயம் 1987இல் அமைந்தது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, அங்கு அனுமதியின்றிப் புகுதலே குற்றம். வழிவிட்டு விலகிக் காட்டுக்குள் வண்டி செலுத்துவோர் முதலில் எதிர்நோக்குவது காப்பீட்டுக் கம்பெனியை அன்று, வனத்துறையின் வழக்கை.

வெளி மாநிலங்களில் வாழும் நேயர்கள் சில செய்திகளைக் குறித்துக்கொள்வது நன்று. நம் பாலிசி இந்தியா முழுவதும் செல்லும். எல்லை தாண்டியதால் அது குறையாது. சொந்தச் சேதத்துக்கான பழைய அட்டவணை பெங்களூர், சென்னை, மும்பை முதலிய எட்டு நகரங்களை ஒரு மண்டலமாகவும், எஞ்சிய நாட்டை வேறொரு மண்டலமாகவும் பிரித்தது. ஆகவே பதிவான ஊரை ஒட்டிக் கட்டணம் வேறுபடலாம். ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் மற்றொரு மாநிலத்தில் வைத்திருந்தால் புதுப் பதிவு எண் பெறுதல் வேண்டும். அதனைக் கம்பெனிக்கும் தெரிவிக்க வேண்டும்.

நஷ்ட ஈட்டு மனுவை விபத்து நடந்த இடத்திலேதான் கொடுக்க வேண்டும் என்பதில்லை. 1994ஆம் ஆண்டுத் திருத்தம், பாதிக்கப்பட்டோர் தாம் வசிக்கும் இடத்துத் தீர்ப்பாயத்திலேயே மனுச் செய்ய உரிமை தந்தது. பர்கூர் மலையில் விபத்தில் இறந்தவரின் மனைவி மார்டள்ளியில் வசித்தால், அந்தியூருக்கும் ஈரோட்டுக்கும் அலைய வேண்டியதில்லை. தம் மாவட்டத்திலேயே கேட்கலாம். மும்பையிலும் டில்லியிலும் குடியிருக்கும் நம்மவர்க்கும் இவ்வுரிமை உண்டு. அதே 1994ஆம் ஆண்டுத் திருத்தம் மனுவுக்கு இருந்த காலக்கெடுவையும் நீக்கியிருந்தது. 2022இல் அமலான மாற்றம் ஆறு மாதக் கெடுவை மீண்டும் கொணர்ந்தது. ஆகையால் துக்கம் ஆறட்டும் என்று காத்திராமல், போலீஸ் அறிக்கையின் நகல், மருத்துவச் சான்று, வண்டியின் எண் ஆகியவற்றை உடனே திரட்டி வைத்தல் வேண்டும். ஓட்டியவரின் லைசென்ஸில் குறை இருந்ததாலேயே மூன்றாம் நபரின் உரிமை அற்றுப்போவதில்லை. கம்பெனி முதலில் ஈட்டைக் கொடுத்துவிட்டு, பின்னர்ச் சொந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்ற நெறியை 2004இல் சுவரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்துள்ளது.

உல்லாசமாக மலையேறுபவர் தம் வண்டிக்கு எவ்வளவு ஈடு கிட்டும் என்பதையே பெரும்பாலும் கணக்கிடுகிறார். ஆனால் சட்டம் எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக முதலிடம் தந்து வந்திருப்பது வேறொருவருக்கு. நமக்கு ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தடமாக இருக்கும் வழி, அவருக்குத் திங்கட்கிழமை பள்ளிக்குச் செல்லும் வழி. ஆண்டுதோறும் நாம் செலுத்தும் சில ஆயிரம் ரூபாய் அவர் பொருட்டே என்றுணர்ந்து, பாலிசியின் கடைசி நாளைப் பார்த்த பின்னரே வண்டியின் சாவியைக் கையில் எடுப்போமாக.